எழுப்பாத ஆளும் ஜூலு சண்டைப் படமும்

போன வாரம் ஏழுமலையின் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் செஞ்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகு, அவன் மகள் கலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செல்போனை நீட்டினாள்.

"மாமா, நைனா சொல்லிக்கினே இருக்குமே ஒரு படம், அது இதானா பாருங்க."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினேன். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு புல்மேடு. மேட்டின் உச்சியில் கறுப்பாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு அசைந்தது. கேடயமும் ஈட்டியும் பிடித்த ஆப்பிரிக்கக்காரர்கள், கூட்டம் கூட்டமாக. கீழே சிவப்புச் சட்டை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாட்டு வண்டிகளை வளைத்து நிறுத்தி, அதன் பின்னால் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள்.

"இதேதான்" என்றேன். கூடத்தில் மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. ஆனால் என் மூக்கில் ஏறியதென்னவோ கார்பன் குச்சி எரிகிற வாசனை.

கார்பன் குச்சி என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அந்தக் காலத்து சினிமா மெஷினில் பல்பு கிடையாது. பென்சில் மாதிரி இரண்டு குச்சிகளை நேருக்கு நேர் வைத்து, நடுவில் கரண்ட் பாய்ச்சி, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் உண்டாக்கி, அதில்தான் படம் ஓடும். செஞ்சியில் ஒரு தியேட்டரில் நான் ஆப்பரேட்டராக இருந்தேன். எங்கள் அத்தா தையல்காரர். மகன் தையல் மெஷினில் உட்காருவான் என்று பார்த்தார், மகன் வேறு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டான். ஊரில் எனக்கு இரண்டு பெயர். படம் ஒழுங்காக ஓடினால் 'ஆப்பரேட்டர் பாய்'. அறுந்தால் இன்னொன்று, அதை இங்கே எழுத முடியாது.

ஏழுமலை அங்கே டிக்கெட் கிழிக்கிறவன். இருட்டில் டார்ச் அடித்து ஆளை உட்கார வைப்பதும் அவன்தான். தளவானூர்ப் பக்கம் ஒரு ஊர்க்காரன். ஒல்லி, நல்ல கறுப்பு, ஓயாத வாய். இன்டர்வலில் முறுக்கு விற்கிறவனிடம் அரை மணி பேசி முறுக்கே வாங்காமல் திரும்புவான். புதிதாகக் கல்யாணமானவன். பெண்டாட்டி தனம், அவலூர்பேட்டைக்காரி. அவன் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் வந்தாயிற்று என்று நாங்கள் கேலி செய்வோம். பூட்டு விழத்தான் செய்தது, ஆனால் வேறு வழியாக.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரதக் கூத்து நாள் கணக்கில் நடக்கும், கடைசியில் படுகளம். களத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள். ஏழுமலை ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. போரில் செத்தவர்களுக்காக உயிருள்ள ஒரு ஆள் களத்தில் விழ வேண்டும். அது அவன் வம்சத்துக்கு உள்ள பாத்தியதை. விழுந்தவன்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து நிஜமாகவே ஒப்பாரி வைப்பார்கள். பிறகு பூசாரி வந்து மஞ்சத்தண்ணியை வேப்பிலையால் தெளித்து, மூன்று அடி அடித்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டம் 'கோவிந்தா' போடும். விழுந்தவன் எழுவான். எழுப்புகிறவரை அவன் அசையக் கூடாது. ஊரைப் பொறுத்தவரை அதுவரை அவன் செத்தவன்தான், அதில் விளையாட்டு கிடையாது.

எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. எல்லோரையும் ஒரே நாளில், மறுமை நாளில்தான் எழுப்புவார்கள். ஆனாலும் கூத்துக்குப் போகாத பாய் வீட்டுப் பிள்ளை செஞ்சியில் உண்டா?

அந்த வருஷம் ஏழுமலையின் முறை. விழுந்தான், போர்த்தினார்கள், ஒப்பாரியும் ஆயிற்று. பூசாரி மஞ்சத்தண்ணிக் குடத்தோடு களத்துக்குள் கால் வைக்கிற நேரத்தில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊரின் இரண்டு தெருக்காரர்களுக்கும் தகராறு கிளம்பியது. கல் பறந்தது. குடம் உடைந்தது. பூசாரி ஓடினார், ஒப்பாரி வைத்த பெண்கள் ஓடினார்கள், ஊரே ஓடியது. ஏழுமலை மட்டும் வேட்டிக்குள் கிடந்தான். ஒரு கல் தொடையில் விழுந்தும் அசையவில்லை. மேலேயே மிதித்துக்கொண்டு போனார்கள், அப்போதும் அசையவில்லை. கடைசியில் ஜீப்பில் வந்த போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் விலாவில் குத்தி, "எய்ந்திர்ரா" என்றார். எழுந்துவிட்டான்.

போலீஸ்காரர் எழுப்பியது கணக்கில் சேருமா? இதைச் சொல்லி நாங்கள் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போய், களத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. தனம் பூசாரி வீட்டுக்கே போய், வாசலில் வைத்தாவது எழுப்பிவிடச் சொல்லி அழுதிருக்கிறாள். "களத்துல வுழுந்தவன களத்துலதான் எழுப்பணும். வாசல்ல வெச்சி எழுப்ப அவன் இன்னா கோழியா?" என்று அனுப்பிவிட்டார் பூசாரி.

அதற்கு அப்புறம்தான் ஏழுமலை மாறிப்போனான். மாறினானா, நாங்கள் அப்படிப் பார்க்க ஆரம்பித்தோமா, தெரியாது. கூப்பிட்டால்தான் வருவான், கேட்டால்தான் பேசுவான். மத்தியானத்தில் பெஞ்சில் படுத்தால் நேராகப் படுப்பான், கால் கட்டைவிரல் இரண்டும் ஒட்டியிருக்கும். முகத்தில் ஈ உட்கார்ந்து நடக்கும், ஓட்ட மாட்டான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அக்னி நட்சத்திர வெயிலில் எங்களுக்கெல்லாம் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும், அவனுக்கு ஒரு பொட்டு வியர்வை இருக்காது. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒருநாள் தூங்குகிறவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கையை எடுத்துவிட்டு வெளியே வெயிலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

தனம் அப்போது முழுகாமல் இருந்தாள். எழுப்பாத ஆள் இருக்கிற வீட்டில் பிள்ளை தங்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொல்வதற்கா ஆள் இல்லை? அவள் அவலூர்பேட்டைக்குத் தாய் வீட்டோடு போய்விட்டாள். அவன் பார்க்கப் போனால் தெருவிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவார்களாம். அவன் நிழல் அவள்மேல் விழக் கூடாது என்று மாமியார் குறுக்கே நிற்பாளாம். இதை அவன் என்னிடம் சொன்னபோது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தப் படப்பெட்டி வந்தது. நல்ல படம் கிடைக்காத வாரங்களில் முதலாளி எதையாவது பழைய இங்கிலீஷ் படத்தை எடுத்து மேட்னியில் ஓட்டுவார். பேச்சு ஒன்றும் புரியாது, சண்டை புரியும், அது போதும். இங்கிலீஷ்காரன் ஆப்பிரிக்காவில் ஜூலு என்கிற சனத்தோடு போட்ட சண்டை என்று போஸ்டர் ஒட்ட வந்தவர் சொன்னார். முதல் காட்சியிலேயே தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "டேய், இது நம்ம ராஜகிரி பின்னாண்டடா!" பாறைமேல் பாறை அடுக்கின எங்கள் செஞ்சிக் கோட்டை மலை அப்படியே இருந்தது. ஜூலு ஆட்கள் மலைமேல் வந்து நின்று கேடயத்தில் ஈட்டியால் தட்டுவார்கள். தட், தட், தட். கூரை அதிரும். டீ குடிக்க வெளியே போனபோது அதே சத்தம் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து திரும்பி வந்ததைக் கேட்டிருக்கிறேன். எதிரொலிதான், தெரியும். தியேட்டருக்குள் சத்தம் நின்ற பிறகும் மலையில் இன்னும் இரண்டு தட்டு கேட்கும். அதுவும் எதிரொலிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தவர்களுக்குச் சிவப்புச் சட்டைக்காரர்கள்தான் சொந்தம். ஒவ்வொருவனுக்கும் பேர் உண்டு, ஊர் உண்டு, நினைத்து ஏங்க ஒரு அம்மா உண்டு, குண்டடிபட்டுச் சாக இரண்டு நிமிஷம் உண்டு. ஜூலுக்காரர்களுக்கு ஒன்றும் கிடையாது. வருவார்கள், விழுவார்கள். எங்கள் ஊர் ஜனம் விசில் அடித்தது ஜூலுக்காரர்களுக்குத்தான். "நம்மாளு வரான்டா!" என்பார்கள். துரை யார், நம்மாள் யார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் நம்மாள்தான் விழுந்துகொண்டே இருப்பான். சண்டை ரீலின் கடைசியில் ஒரே பிணக்காடு. சத்தமே இல்லாமல் கேமரா அந்தப் பிணங்களின் மேல் மெதுவாக ஊர்ந்து போகும்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, ஷோ முடிந்ததும் ஏழுமலை என் கேபினுக்கு ஏறி வந்தான். கூப்பிடாமல் வந்தான், அதுவே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாய், அதுல ஒருத்தன் உயிரோட இருக்குறான்."

"எதுல?"

"செத்தவங்கள்ல. மார்மேல கேடயத்தப் போட்டுக்கினு மல்லாக்கக் கெடக்குறான் பாரு. கேடயம் ஏறி எறங்குது."

அடுத்த ஷோவில் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். உண்மைதான். மற்றவர்கள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க, முன்னால் கிடக்கிற ஒருவனின் கேடயம் மட்டும் கொஞ்சமே கொஞ்சம் மேலே போய்க் கீழே வந்தது. காட்டியதற்குப் பிறகு எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"நடிக்க வந்த ஆளுய்யா. கட் சொன்னதும் எழுந்து போய் டீ குடிச்சிருப்பான்" என்றேன்.

"யாரு எழுப்புனது?"

"யாரு எழுப்பணும்? தானா எழுந்திருப்பான்."

"நானும் தானாத்தான் எழுந்தேன்" என்றான் ஏழுமலை. அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டான். அன்றிலிருந்து சண்டை ரீல் வந்தால் கதவை விட்டுவிட்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். டார்ச்சை அணைத்துவிட்டு அந்த ஒரு ஆளையே பார்ப்பான். அவனுக்குப் பேர் கிடையாது, பெற்றவள் கிடையாது, எழுப்ப நாதி கிடையாது. பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஏழுமலை மட்டும் இருந்தான்.

பெட்டி திரும்பிப் போக வேண்டிய கடைசி நாள் மேட்னிக்குத் தனம் வந்தாள். படம் பார்க்க இல்லை. பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு, நல்ல வயிற்றோடு, வெயிலில் நடந்து வந்திருந்தாள். கூந்தலில் ஒரு வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தது, பிள்ளைத்தாய்ச்சி தனியாகப் போகும்போது காத்துகருப்பு அண்டாமல் இருக்க வைப்பது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். இரண்டு பேரிடமிருந்தும் எட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

"நான் இனிமே வரல. கொழந்தை பொறந்தா தகவல் அனுப்பறேன். அதுக்குமேல நீ வராத. எனக்குப் புள்ள வோணும்."

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான், "வெயில் தாழ உள்ள உக்காந்துட்டுப் போம்மா, ஃபேன் ஓடுது" என்றேன். "செரிண்ணா" என்று பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

இன்டர்வல் முடிந்தது. சண்டை ரீலை மாட்டி, கார்பனைப் பற்றவைத்து, ஷட்டரைத் திறந்தேன். தட்டுச் சத்தம் வர வேண்டும். வரவில்லை. ஸ்பீக்கரில் கர்ர் என்று ஒரு இரைச்சல் மட்டும். ஓட்டையில் கண்ணை வைத்தேன். ஸ்கிரீனின் மேல்பக்கம் தரை இருந்தது, கீழ்ப்பக்கம் வானம். பிணங்கள் எல்லாம் மேலேயிருந்து தொங்கிக்கொண்டிருந்தன.

ரீலைத் திருப்பிச் சுற்றாமல் வால்பக்கமாக மாட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும். படம் தலைகீழாக, பின்னாலிருந்து முன்னால் ஓடும். ஆப்பரேட்டர் பிழைப்பில் இதைவிடக் கேவலம் கிடையாது. உடனே கூட்டம் கத்தும், என் இரண்டாவது பெயரைச் சொல்லும், நாற்காலி உடையும். ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கத்தலுக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

கேடயக்காரன்தான் முதலில் தெரிந்தான். தலைக்குமேல் கிடந்தான். கேடயம் ஏறி இறங்கியது. பிறகு புகை சுருண்டு திரும்பி வந்தது. தரையிலிருந்து அவன் முதுகு பிரிந்தது. கால் ஊன்றினான். எழுந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான், அதற்குப் பின்னால் இருந்தவர்கள், கூட்டம் கூட்டமாக எல்லோரும். வெள்ளைக்காரச் சிப்பாய்களும்தான். மார்பில் பாய்ந்த ஈட்டிகள் கைக்குத் திரும்பின. குண்டு பட்ட இடம் மூடிக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து மலைக்குப் போனார்கள்.

ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை வரவில்லை.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஏழுமலே!"

எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். தனம் கத்தினாள். வெளிச்சம் ஸ்கிரீனிலிருந்து விழுந்துகொண்டிருக்க, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூந்தலிலிருந்து வேப்பிலையைப் பிடுங்கி, பாட்டில் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்து, ஸ்கிரீனுக்கு முன்னால் நின்றவனை அடித்தாள். "ஏழுமலே, எழுந்திரு! ஏழுமலே, எழுந்திரு!" மூன்றாவது அடிக்கு, தரை டிக்கெட்டிலிருந்து யாரோ ஒரு கிழவர் "கோவிந்தா!" என்றார். பிறகு தியேட்டர் மொத்தமும் "கோவிந்தா!" போட்டது. எனக்கு வாய் திறந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் அத்தா காதுக்கு இது போகவே இல்லை.

ரீல் முடிந்து வெறும் வெள்ளை ஓடியது. லைட்டைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். ஏழுமலை தரையில் உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை வியர்வை வழிந்துகொண்டிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளை அண்ணாந்து பார்த்து, "தாகமா இருக்குது" என்றான். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவளே அவன் வாயில் ஊற்றினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கார்பன் புகை என்று சொல்லிக்கொண்டேன். சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் ஊருக்குப் போனார்கள்.

"இன்னாய்யா பாய், தூங்கிட்டியா?" என்று முதலாளி குதித்தார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஆனால் என் பழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். திருப்பிச் சுற்றி முடித்த ரீலின் நுனியில், அத்தா கடையில் எடுத்த சிவப்பு நூல் ஒன்றைச் சொருகி வைப்பேன். நூல் இருந்தால் ரீல் தயார், இல்லாவிட்டால் சுற்ற வேண்டும். அன்றைக்கு நூலை உருவி மேசைமேல் போட்டுவிட்டுத்தான் அந்த ரீலை மாட்டினேன். மேலே திரும்பிப் போய்ப் பார்த்தேன். நூல் மேசைமேல்தான் கிடந்தது.

கலை பிறந்தாள். ஏழுமலைக்கு வாய் திரும்பி வந்தது, வட்டியும் முதலுமாக. வழக்கு முடிந்து திருவிழா மறுபடி தொடங்கியபோது பூசாரி மகன் வந்து, களத்தில் வைத்து முறையாக எழுப்பிவிடுகிறேன் என்றானாம். "எனக்கு எப்பவோ ஆயிடுச்சிப்பா" என்று அனுப்பிவிட்டான். ஆனால் மறுபடி களத்தில் விழவும் இல்லை. அந்த வம்சத்தில் வேறு ஆண் வாரிசும் இல்லாமல் போய், இப்போது வைக்கோல் பொம்மைக்கு வேட்டி போர்த்துகிறார்கள். பொம்மையை எழுப்புவதில்லை, எரித்துவிடுகிறார்கள். தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைத்தேன். கார்பனும் இல்லை, ரீலும் இல்லை, வால்பக்கமாக மாட்ட ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் கலைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. "இரு, அதோ பாரு" என்றேன். கேடயக்காரன் மல்லாக்கக் கிடந்தான். கேடயம் மேலே போய்க் கீழே வந்தது. இத்தனை காலமாகக் கிடக்கிறான்.

"எழுப்பலாமா மாமா?" என்றாள் கலை. சிரித்துக்கொண்டே கேட்டாலும் குரல் ஒருமாதிரி இருந்தது. திரையில் விரலை வைத்துப் பின்னுக்கு இழுத்தாள். அவ்வளவு சுலபம். தலைகீழாகக்கூட இல்லை, நேராகவே எழுந்தார்கள். விரலை இழுக்க இழுக்க, ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

தனம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. திரையைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள். மகளின் தோளைத் தொட்டாள்.

"போதும் கலை. வுட்டுடு. படுக்கட்டும்."

கலை விரலை எடுத்தாள். எழுந்தவர்கள் மறுபடி ஓடி வந்து, ஒவ்வொருவராக விழுந்தார்கள். புகை படிந்தது. கேமரா ஊர்ந்து முன்னால் கிடந்தவனிடம் வந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

கேடயம் அசையவில்லை.